பச்சைப் பெயின்ட் பரம்பரை

1885. வில்லியம் கேமரன் என்று ஒரு துரை. அரசாங்க சர்வேயர். மலாயாவில், பகாங் எல்லையில், அட்டைக்கடிக்கும் அடைமழைக்கும் நடுவே காட்டை வகிர்ந்துகொண்டு மேலே ஏறுகிறார். உச்சியில் பார்த்தால் ஜிலுஜிலுவென்று காற்று வீசும் அருமையான ஒரு சமவெளி! மனிதர் சொக்கிப்போய் ரிப்போர்ட் எழுதினார். எல்லாம் செய்தவர், ஒரே ஒரு சின்ன வேலையைக் கோட்டைவிட்டார். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று மேப்பில் ஒழுங்காகக் குறிக்கவில்லை.

சர்வேயருக்கு வேலையே அதுதானே ஐயா! பிறகு நாற்பது வருஷம் ‘கேமரன் பார்த்த இடம்’ ஒரு வதந்தியாகவே உலவியது. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற அதிகாரி மலையேறி வந்து, இங்கே ஊர் கட்டலாம் என்று சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது. இன்றைய பிள்ளைகளிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள், ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: “அங்கிள், அவரு சேவ் பண்ணாம ஆடியிருக்காரு.” அப்படி ஆடியவர் பெயரைத்தான் மலைக்கே வைத்தோம்.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற துரை போ தேயிலைக் கம்பெனியைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்டு, கூடை சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஒரு மலைவாசி குடியிருந்தார். உடம்பெல்லாம் பச்சை, முக்கோணத் தலை, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உடற்சூட்டை மோப்பம் பிடிக்கும் குழி. பச்சை விரியன். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இவரைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையிருந்ததில்லை. செடியில் இருக்கிறது, செடி நிறத்தில் இருக்கிறது, கை வைக்காதே. சிலபஸ் முடிந்தது.

விஞ்ஞானிகளுக்குத்தான் கொஞ்சம் லேட். வடக்கே தாய்லாந்து, பர்மா பக்கமெல்லாம் இதே மாதிரி ஒரு பச்சை விரியன் உண்டு. “அதுதான் இது. எல்லாம் ஒரே பச்சைதானே?” என்று கேமரன் மலைக்காரரையும் அந்தக் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2004-இல் வோகெல், டேவிட், பாவெல்ஸ் என்று மூன்று பேர் உட்கார்ந்து செதில் செதிலாக எண்ணிப் பார்த்து, “மன்னிக்கவும், இவர் வேறு ஆள்” என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். மேலே தேயிலை நட்டு எழுபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அந்தப் பாம்பு இன்னொருவருடைய ஐ.சி.யில்தான் வாழ்ந்திருக்கிறது!

பாவம் என்று உச்சுக்கொட்ட அவசரப்படாதீர்கள். வீடியோ கேம் உலகத்தில் மகா புகழ்பெற்ற ஒரு பல்லி மனிதரின் பூர்வீகம் இதைவிட மோசம்.

1992-இல் அமெரிக்காவில் ‘மோர்ட்டல் காம்பாட்’ என்ற சண்டை கேம் வந்தது. அதில் இரண்டு நிஞ்ஜாக்கள். மஞ்சள் உடைக்காரர் ஸ்கார்பியன், நீல உடைக்காரர் சப்-ஸீரோ. ஜென்மப் பகை, பழிக்குப் பழி, ஏகப்பட்ட ஃப்ளாஷ்பேக். உண்மையில் இரண்டு பேரும் ஒரே ஆள். டேனியல் பெசினா என்ற நடிகரை ஒரு தடவை படம் பிடித்து, கம்ப்யூட்டரில் உடைக்கு மட்டும் கலர் மாற்றிவிட்டார்கள். டபுள் ஆக்‌ஷன் படத்தில் எம்.ஜி.ஆருக்காவது மச்சம் மாறும். இங்கே அந்தச் செலவும் கிடையாது.

கேமை உருவாக்கிய எட் பூனுக்கு ஒரு ரகசிய ஆளை ஒளித்து வைக்க ஆசை. மெமரியில் இடமில்லை, புதிதாகப் படம் பிடிக்க நேரமுமில்லை. என்ன செய்வார்? மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. ஒன்றாம் வகுப்பு டிராயிங் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுதான். அதே நிஞ்ஜாவுக்குப் பச்சை அடித்து ‘ரெப்டைல்’ என்று பெயர் வைத்தார். செதில் இல்லை, வால் இல்லை, நாக்குகூட நீளவில்லை. ஊர்வனவற்றுக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் பெயின்ட்.

அந்தப் பெயின்ட்டைத் தரிசிக்க விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட பாலத்தின் மேல்தான் சண்டை போட வேண்டும். பின்னால் தெரியும் நிலாவைக் குறுக்கே ஏதாவது ஒரு நிழல் கடக்க வேண்டும். ஓர் அடிகூட வாங்காமல், தடுக்கும் பட்டனையே தொடாமல், இரண்டு ரவுண்டும் ஜெயிக்க வேண்டும். கடைசியில் எதிரியைக் கொடூரமாகத் தீர்த்துக்கட்ட வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள்கூட இத்தனை விரதம் இருந்ததில்லை. தரிசனம் கிடைத்ததும் சாமி அடிக்க வரும் என்பதுதான் வித்தியாசம்.

ரெப்டைல் ரகசிய ஆள் என்றால், ஊரறிந்த ராஜா ஒருவர் உண்டு. கேமரன் மேலே ஏறி மேப்பைக் கோட்டைவிட்டாரே, அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1985 செப்டம்பரில், ஜப்பானில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வெளிவந்தது. அதன் வில்லன் கூப்பா ராஜா. அமெரிக்கர்கள் அவரை பௌசர் என்பார்கள். முள் வைத்த ஓடு, நெருப்பு கக்கும் வாய், எட்டு உலகம், உலகத்துக்கு ஒரு கோட்டை. ஆமைக் குலத்தின் சக்கரவர்த்தி.

ஆமை என்றா சொன்னேன்? அவரைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோவிடம் கேட்டால் மாடு என்பார். நிஜமாகவே மாடுதான். ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீனக் கதையில் மாட்டு ராஜா ஒருவர் வருவார். அதைக் கார்ட்டூன் படமாகப் பார்த்திருந்த மியாமோட்டோ, அந்த ஞாபகத்தில் படம் போட்டார். சக ஊழியரான தகாஷி டெசுகா பார்த்துவிட்டு, “இது ஆமை மாதிரி அல்லவா இருக்கிறது?” என்றார். கேமில் ஏற்கெனவே குட்டி ஆமைகள் அணிவகுத்துக்கொண்டிருந்தன. சரி, இவரே அவர்களுக்குத் தலைவராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. உலகத்தை நடுங்கவைத்த ஊர்வனச் சக்கரவர்த்தி, சரியாக வரையப்படாத ஒரு மாடு!

பெயராவது கம்பீரமாக வைத்தார்களா என்றால், கொரியச் சாப்பாட்டு மெனுவைப் பார்த்து வைத்தார்கள். ‘கூப்பா’ என்பது சூப்பில் சோறு போட்டுத் தருகிற அயிட்டம். ‘மாமன்னர் ரசஞ்சாதம் வருகிறார், பராக்!’ என்று கட்டியம் கூறிப் பாருங்கள், அவருடைய கோபத்துக்குக் காரணம் புரியும்.

நமக்கும் அவருக்கும் தூரத்து உறவு உண்டு. அந்தச் சீனக் கதைக்கு மூலகாரணம் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா முழுக்கச் சுற்றிய நிஜமான பௌத்தத் துறவி. பல்லவர் ஆண்ட காஞ்சிபுரத்துக்கும் வந்துபோனார். வந்து, பார்த்து, ஊருக்குத் திரும்பி, சமர்த்தாகக் குறிப்பும் எழுதி வைத்தார். (கேமரன் துரை கவனிக்கவும்.) அவருடைய பயணம் பல நூற்றாண்டுகளில் கட்டுக்கதையாகி, கதைக்குள் குரங்கு புகுந்து, மாட்டு ராஜா புகுந்து, மாடு ஆமையாகி, ஆமை நெருப்பு கக்கியது. அந்தக் கணக்கில் பௌசர் காஞ்சிபுரத்துக்குச் சுற்றிவளைத்துப் பங்காளி. பட்டுவேட்டி கட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை.

ராஜா என்றாலே கோட்டை. தோட்டப்புறத்து ஆட்களுக்கு அந்தக் கோட்டையின் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். மேட்டில் துரை பங்களா, கீழே லயன் வரிசை. மேலே போய்ச் சேருவதற்குள் கிராணி, தண்டல் என்று படிப்படியாக ஆள் நிற்பார்கள். எல்லாரையும் தாண்டி மேலே போனால், நீங்கள் தேடி வந்த ஆள் இங்கே இல்லை, வேறு இடத்துக்குப் போங்கள் என்று பதில் வரும். இளவரசியைத் தேடிப் போன மாரியோ இதே பதிலை ஏழு கோட்டையில் கேட்டார். அந்த ஏழிலும் இருந்தது அசல் ராஜாவே அல்ல. வேஷம் போட்ட வேலைக்காரர்கள்!

அசலின் புத்திசாலித்தனத்தையும் பார்த்துவிடுங்கள். பௌசர் நிற்பது ஒரு பாலத்தின் மேல். கீழே கொதிக்கும் எரிமலைக் குழம்பு. அந்தப் பாலத்தை அறுத்துத் தள்ளும் கோடரி எங்கே இருக்கிறது? அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே, பளபளவென்று. யார் அங்கே வைத்தது? அவர் வீடு ஐயா, வேறு யார் வைப்பார்கள்? மாரியோ அவருடைய தலைக்கு மேலே ஒரு தாவு தாவி, கோடரியைத் தொடுகிறார். ராஜா குழம்புக்குள் தொபுக்கடீர். முதல் கோட்டையில் விழுந்ததைப் பார்த்து இரண்டாவது கோட்டையிலாவது கோடரியை எடுத்து ஸ்டோர் ரூமில் வைக்கக் கூடாதோ? எட்டிலும் அதே இடம், அதே கோடரி. நிர்வாகம் என்றால் அப்படித்தான், சர்க்குலர் மாறாது.

இவ்வளவும் நடக்கும் அந்த ராஜ்ஜியத்தின் மொத்த எடை 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ அதைவிடக் கனம். இடப் பஞ்சத்தில் அவர்கள் செய்த தில்லுமுல்லு ஒன்று உண்டு. வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே படம். மேலே இருந்தால் வெள்ளை, கீழே இருந்தால் பச்சை. அதைக் கண்டுபிடித்து உலகமே ‘ஆ’ என்று வாயைப் பிளந்தது. பிரிஞ்சாங்கில் காலை ஏழு மணிக்குப் பிரட்டுக்கு நின்றவர்கள் பிளக்க மாட்டார்கள். எது மேகம், எது தேயிலை என்று தெரியாத மலையில்தான் அவர்களுக்குத் தினமும் டூட்டி.

பௌசர் தோற்றுத் தோற்று என்ன ஆனார்? 1992-இல் ‘சூப்பர் மாரியோ கார்ட்’ வந்தபோது, யாருடைய கையால் குழம்பில் விழுந்தாரோ அதே மாரியோவோடு சேர்ந்து கார் ரேஸ் ஓட்டினார். அப்புறம் டென்னிஸ், கோல்ஃப், பார்ட்டி. தேர்தல் முடிந்த மறுநாள் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காரும் தலைவர்கள் மாதிரி. இதற்கு மேல் ஒரு கூத்து உண்டு. 2019-இல் அமெரிக்க நிண்டெண்டோ கம்பெனிக்குப் புதுத் தலைவர் வந்தார். அவருடைய பெயர் டக் பௌசர். சத்தியமாக அப்பா வழிப் பெயர்தான். முப்பத்து நான்கு வருஷம் கோட்டை கோட்டையாக முயன்றும் பிடிக்க முடியாத நாற்காலியை, நேர்காணலுக்குப் போய் வாங்கிவிட்டார் ஒரு பௌசர்.

ஊர்வன உலகத்தில் நல்லவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார், யோஷி. பச்சைக் குட்டி டைனோசர். மாரியோவை முதுகில் சுமக்கும், கண்ணில் பட்டதையெல்லாம் நாக்கை நீட்டி விழுங்கும், முட்டை போடும். மாரியோவை எதன் மீதாவது ஏற்றிச் சவாரி விட வேண்டும் என்பது மியாமோட்டோவின் பல வருஷத்துக் கனவு. பழைய மெஷினுக்கு அவ்வளவு தெம்பில்லை. 1990-இல் சூப்பர் ஃபேமிகாம் வந்த பிறகுதான் ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ கேமில் யோஷி பிறந்தது.

அதன் முதுகில் இருக்கும் சிவப்புச் சேணத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சேணம் அல்ல, ஆமை ஓடு! ஆமைகள் நிறைந்த உலகத்தில் இதுவும் ஆமை உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். ஆக, மாட்டை வரைந்தால் ஆமை வருகிறது. ஆமையை வரைந்தால் டைனோசர் வருகிறது. அந்த ஆபீஸில் நினைத்ததை நினைத்தபடி வரைந்தவர் யாரும் உண்டா என்பதே சந்தேகம்.

யோஷி எதையாவது விழுங்க வேண்டும் என்றால் மேலே உட்கார்ந்திருக்கும் மாரியோ கையை முன்னால் நீட்டுவார், அதற்கு நாக்கு வெளியே வரும். “அதோ பார்” என்று அன்பாகச் சுட்டிக்காட்டுகிறார் என்றே ஒரு தலைமுறை நம்பியது. 2017-இல், யோஷியை வரைந்த ஷிகேஃபுமி ஹினோ ஒரு பேட்டியில் உண்மையை உடைத்தார். மாரியோ மண்டையில் குத்துகிறார். குத்து விழுந்ததும்தான் நாக்கு வெளியே வருகிறது. தோட்டத்தில் தண்டல் போட்ட சத்தத்துக்கு லேபர் ஆபீஸ் வரை போனவர்களின் பேரப்பிள்ளைகள், இதைத் தெரியாமல் பட்டனை அமுக்கி அமுக்கி யோஷியைக் குத்தியிருக்கிறார்கள். இருபத்தேழு வருஷமாக ஒரு யூனியன்காரர்கூடக் கேட்கவில்லை.

யோஷிக்கு ஒரு நிழல் தம்பியும் உண்டு. ஆர்கோநாட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, யோஷியைக் கதாநாயகனாக வைத்து முப்பரிமாண கேம் செய்கிறோம் என்று நிண்டெண்டோவிடம் போய் நின்றது. நிண்டெண்டோ கைவிரித்தது. வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தார்களா? இல்லை. டைனோசரை முதலையாக்கி, முதுகில் ஒரு பையை மாட்டி, 1997-இல் ‘க்ராக்’ என்று கடைக்கு அனுப்பினார்கள். கால்ஷீட் தராத ஹீரோவின் தம்பியை வைத்துப் படமெடுத்த நம் தயாரிப்பாளர்களைக் கேட்டால், இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். முதலை நன்றாகவே ஓடியது.

இந்த ராஜாதி ராஜாக்களையெல்லாம் ஓரம் கட்டியவர் யார் தெரியுமா? முகமே இல்லாத ஒருவர். நாலைந்து கறுப்புக் கட்டங்கள்.

1997. பின்லாந்தில் டனெலி அர்மான்டோ என்ற நோக்கியா எஞ்சினியரிடம், 6110 போனில் போட கேம் ஏதாவது செய்யச் சொன்னார்கள். முதல் யோசனை டெட்ரிஸ்தான். உரிமைப் பணம் என்று பேச்சு வந்ததும் கம்பெனி பின்வாங்கியது. சரி, ஓசியில் எது கிடைக்கும்? வால் நீண்டுகொண்டே போகிற கேம் ஒன்று பழைய கம்ப்யூட்டர்களில் உண்டு. அதன் கொள்ளுத்தாத்தா 1976-இல் கிரெம்லின் கம்பெனி செய்த ‘பிளாக்கேட்’. அதைப் பார்த்து ஒரு பாம்பு செய்தார். ஸ்க்ரீன் 84-க்கு 48 புள்ளி. கண் வைத்தால் இரை வைக்க இடமிருக்காது, இரை வைத்தால் பல் வைக்க இடமிருக்காது. அதனால் பாம்பு கண்ணும் பல்லும் இல்லாமலே உலகத்தை ஜெயித்தது. கூடவே ‘மெமரி’, ‘லாஜிக்’ என்று இன்னும் இரண்டு கேம் அதே போனில் இருந்தன. மெமரி என்று ஒரு கேம் இருந்ததே யாருக்கும் மெமரியில் இல்லை.

மலைத் தோட்டங்களுக்கு இந்தப் பாம்பு ஏற்ற ஜீவன். ரிங்லெட் வளைவிலும் போ தோட்டத்துப் பள்ளத்திலும் சிக்னல் கோடு வருவதும் போவதுமாக இருந்த நாள்களில், பேசுவதற்கு வாங்கிய போன் பேசாது. பாம்பு மட்டும் ஓடும். டவர் வேண்டாம், ரீலோட் வேண்டாம், துரையிடம் பர்மிஷன் வேண்டாம். தேயிலை மலையில் நிஜ விரியனைக் கண்டால் கம்பைத் தேடும் அதே கை, சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து இந்தப் பாம்புக்கு விழுந்து விழுந்து இரை போட்டது. இந்தக் கேமில் கொல்ல வில்லன் யாரும் வருவதில்லை. தின்று தின்று கொழுத்து, கடைசியில் தன் வாலைத் தானே கடித்துச் சாக வேண்டும். வரலாற்றில் அப்படிச் செத்த சாம்ராஜ்யங்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், நோக்கியாவையும் சேர்த்து.

நோக்கியா தன் போன் ஃபேக்டரிக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊரைப் பிடித்தது? ஸ்ரீபெரும்புதூர். 2006 முதல் 2014 வரை அங்கே ஷிஃப்ட் போட்டு போன்கள் வெளியே வந்தன. அந்தக் கால நோக்கியாவில் பாம்பு உள்ளே இல்லாமல் வருமா? ஸ்ரீபெரும்புதூர் யாருடைய அவதாரத் தலம் என்று எந்த வைணவரையும் கேளுங்கள். ராமானுஜர். அவர் யாருடைய அம்சம்? ஆதிசேஷன்! பெருமாளுக்கே படுக்கையான ஆயிரம் தலைப் பாம்பு அவதரித்த ஊரில், தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, நான்கு கட்டப் பாம்பைப் பெட்டியில் அடைத்துச் சீல் வைத்தார்கள். பின்லாந்துக்காரர்கள் ஸ்தல புராணம் படித்துவிட்டு வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சாலை வசதியும் துறைமுகமும் பார்த்துத்தான் வந்திருப்பார்கள். ஆனாலும் கொஞ்சம் புல்லரிக்கிறது, இல்லையா?

பாம்பை வைத்து விளையாடுவது நமக்கொன்றும் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதப் படத்தை விரிப்போம். ஏணி குறைவு, பாம்பு ஜாஸ்தி. பாவம் செய்தால் சறுக்கல், அதுவும் தலைப்பாம்பு என்றால் நேரே பாதாளம். பாட்டிமார் ஈவிரக்கமே இல்லாமல் சோழியை உருட்டுவார்கள். 1892-இல் லண்டன் கம்பெனி ஒன்று இதை ‘ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ என்று கடைக்குக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரர்கள் நியாயவான்கள் அல்லவா, நாளடைவில் பாம்பும் ஏணியும் சரிசமம் ஆயின. மோட்சத்துக்கே கோட்டா!

அமெரிக்கர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 1943-இல் மில்டன் பிராட்லி கம்பெனி இந்த விளையாட்டை அங்கே இறக்கியபோது, பாம்புகளை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டது. பிள்ளைகளுக்கு எதற்குப் பாம்பெல்லாம் என்ற நல்லெண்ணம். அந்த இடத்தில் பார்க்கில் இருக்கும் சறுக்குமரத்தைப் போட்டது. கடி இல்லை, விஷம் இல்லை, குழந்தை அழாது, அம்மா திட்ட மாட்டாள்.

சரியாக ஐம்பது வருஷம். 1993-இல் அதே அமெரிக்காவில் மோர்ட்டல் காம்பாட் இரண்டாம் பாகம் வந்தது. நம் பச்சைப் பெயின்ட் நிஞ்ஜா ரெப்டைல் இந்தத் தடவை ஒளிந்துகொள்ளவில்லை, நேராக மேடையில் நின்றார். முகமூடியைக் கழற்றினார். உள்ளே நிஜமான பல்லி முகம். நாக்கை ஒரு சுழற்று சுழற்றி, எதிரே நின்றவரின் தலையைப் பிய்த்து இழுத்து, ஒரே வாயில் விழுங்கினார். அரங்கமெங்கும் பிள்ளைகள் கைதட்ட, வாஷிங்டனில் செனட்டர்கள் விசாரணைக்குக் கூட, அவர் சாவகாசமாக வயிற்றைத் தடவிக்கொண்டார்.